பார்க்கின்சன் நோய் ஏன் வருகிறது, அதை எப்படி உறுதி செய்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். தந்தைக்கு வலது கையில் நடுக்கம், நடையில் மந்தம். நரம்பியல் மருத்துவர் கைகால்களை அசைக்கச் சொல்லியும் நடக்கச் சொல்லியும் பார்த்துவிட்டு, இது பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் குறை எதுவும் இல்லை; இரத்தப் பரிசோதனை செய்யவே இல்லை. இந்த நோய் எதனால் வருகிறது, கண்ணால் பார்த்து மட்டும் எப்படி முடிவு செய்ய முடியும், பிள்ளைகள் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா என்பவை கேள்விகள்.

இவை மூன்று தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் முதல் இரண்டையும் பிரித்துப் பதில் சொல்ல முடியாது. பார்க்கின்சன் நோயின் காரணம் பற்றி இதுவரை எழுந்த முரண்பாடுகளில் பெரும்பகுதி, நோயை எப்படி அளந்தார்கள், யாரையெல்லாம் நோயாளி என்று கணக்கில் சேர்த்தார்கள் என்பதிலிருந்து வந்தவை. அளவுகோல் மாறியபோதெல்லாம் காரணத்தைப் பற்றிய முடிவும் மாறியிருக்கிறது.

முதலில் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பு செல்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, அசைவின் வேகத்தையும் வீச்சையும் ஒழுங்குபடுத்தும் உட்பகுதிகளுக்கு அனுப்புகின்றன. இந்நோயில் அந்தச் செல்கள் படிப்படியாக இறந்துபோகின்றன. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு பேரைக் கவனித்து இந்நோயை விவரித்தார். அவர்களில் சிலரை அவர் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரி. கருநிறப் பகுதி அழிவதை 1919இல் டிரெட்யாகாஃப் காட்டினார். இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதை 1960இல் ஹார்னிகீவிச் கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான், மூளைக்குள் டோபமினாக மாறும் லெவோடோபா என்ற மருந்து; இன்று உங்கள் தந்தை உட்கொள்வது அதைத்தான். எஞ்சியிருக்கும் செல்களுக்குள் ஒருவகைப் புரத உருண்டைகள் தென்படுகின்றன. 1912இல் ஃபிரெடெரிக் லூயி முதலில் விவரித்ததால் அவற்றை லூயி பாடி என்று அழைக்கிறார்கள். அந்த உருண்டைகளின் முக்கியப் பொருள் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் என்பது தெரியவந்தது 1997இல்தான். ஆகவே செல்கள் ஏன் இறக்கின்றன என்ற கேள்வியோடு, இந்தப் புரதம் ஏன் உருக்குலைந்து கட்டியாகிறது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

காரணத் தேடலில் முதல் திடமான தடயம் ஒரு விபத்தில் கிடைத்தது. 1982இல் கலிபோர்னியாவில் இளம் வயதினர் சிலர், முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போலவே உறைந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தார்கள். அனைவரும் கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட ஒரு போதைமருந்தை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டவர்கள். வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் அந்த மருந்தை ஆராய்ந்தபோது, தயாரிப்புப் பிழையால் அதில் எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது தெரிந்தது. மூளைக்குள் இது வேறொரு நச்சாக மாறுகிறது. டோபமினை உள்ளிழுத்துக்கொள்ளும் அதே வாசல் வழியாக அந்த நச்சு டோபமின் செல்களுக்குள் நுழைந்து, அங்கே ஆற்றல் உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் இயக்கக் கூட்டை முடக்குகிறது. மூளையின் மற்றச் செல்கள் பெரும்பாலும் தப்பிவிட, இந்தச் செல்கள் மட்டும் ஏன் மடிகின்றன என்பதற்கு முதன்முறையாக ஒரு இயங்குமுறை கிடைத்தது.

அங்கிருந்து பூச்சிக்கொல்லிகளின் மீது பார்வை திரும்பியது இயல்பே. ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியும் அதே முதல் கூட்டைத்தான் முடக்குகிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி வேறு வழியில் செல்லுக்குள் ஆக்சிஜனேற்றச் சேதத்தை உண்டாக்குகிறது. அமெரிக்காவில் இம்மருந்துகளைக் கையாண்டவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. இவற்றைப் பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் ஏறக்குறைய 2.5 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. உலோகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவும் உலர்சலவைக்கும் பயன்பட்ட டிரைக்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைப் பற்றியும் வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் படைத்தளத்தில் குடிநீரில் இந்தக் கரைப்பான் பல ஆண்டுகள் கலந்திருந்தது. அங்கே பணியாற்றியவர்களை, அத்தகைய மாசு இல்லாத மற்றொரு தளத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வில், முன்னவர்களுக்கு நோய் ஆபத்து 70 சதவீதம் கூடுதலாக இருந்தது. நச்சுப் பட்ட காலத்துக்கும் நோய் வெளிப்பட்ட காலத்துக்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிந்திருந்தன. நாற்பது வயதுக்கு முன் சுவாசித்ததையும் குடித்ததையும் அறுபது வயதில் ஒருவர் நினைவுகூர்ந்து சொல்ல முடியாது. சூழல் காரணங்களை நிறுவுவது இவ்வளவு கடினமாக இருப்பதற்கு இந்த இடைவெளியே தலையாய காரணம்.

மரபணுப் பக்கம் 1997 திருப்புமுனையான ஆண்டு. இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த நோய்க்கு, ஆல்ஃபா சைனுக்ளின் மரபணுவில் உள்ள ஒரே ஒரு எழுத்து மாற்றம் காரணம் என்று தெரிந்தது. 2003இல் இன்னொரு குடும்பத்தில் இந்த மரபணுவே மும்மடங்காகியிருப்பதைக் கண்டார்கள். புரதத்தில் பிழை எதுவும் இல்லை, அளவு மிகுந்ததே நோய்க்குப் போதுமானதாக இருந்தது. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்ட பார்க்கின் மரபணு இளவயதில் தொடங்கும் நோயோடு தொடர்புடையது. பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாவை அகற்றும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. 2004இல் எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற இன்னொரு மரபணு கண்டறியப்பட்டது. பிறகு, காஷர் நோய் என்ற அரிய பரம்பரை நோயை உண்டாக்கும் ஜி.பி.ஏ.1 மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் உள்ளவர்களுக்கும் பார்க்கின்சன் ஆபத்து கூடுகிறது என்பது பல நாடுகளில் உறுதியானது. செல்லின் குப்பைகளைச் செரிக்கும் லைசோசோமில் வேலை செய்யும் நொதியின் மரபணு அது. ஆற்றல் உற்பத்தி, கழிவு நீக்கம், புரதத்தின் அளவு என்று வெவ்வேறு வாசல்கள் வழியாக நுழைந்தாலும், இறுதியில் அதே டோபமின் செல்கள்தான் மடிகின்றன. ஆனால் இத்தகைய தனி மரபணு மாற்றம் நோயாளிகளில் சிறுபான்மையினரிடமே இருக்கிறது. 2019இல் வெளியான பெரிய மரபணுத் தொகுப்பாய்வு, ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில் ஆபத்தைக் கூட்டும் 90 மாறுபாடுகளை அடையாளம் கண்டது. மரபுவழியாக வரக்கூடிய ஆபத்தில் அவையெல்லாம் சேர்ந்தும் ஒரு பகுதியைத்தான் விளக்குகின்றன.

அளவுகோல் மாறினால் காரணம் மாறும் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு இரட்டையர் ஆய்வுகளைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 1999இல் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்க இரட்டையர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. ஐம்பது வயதுக்குப் பிறகு நோய் தொடங்கியவர்களில், ஒருகரு இரட்டையரிலும் இருகரு இரட்டையரிலும் இருவருக்குமே நோய் வரும் விகிதம் ஏறக்குறைய சமமாக இருந்தது. மரபணு முழுதும் ஒத்தவர்களுக்கும் பாதி ஒத்தவர்களுக்கும் வேறுபாடு இல்லையென்றால், முதுமையில் வரும் நோயில் மரபுக்குப் பெரிய பங்கு இல்லை என்றுதானே முடிவு செய்ய வேண்டும்? அதே 1999இல் வெளியான இன்னொரு ஆய்வு, நோயாளியின் உடன்பிறந்த இரட்டையருக்குக் கைநடுக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அவர்களின் மூளையில் டோபமின் செயல்பாட்டைப் பெட் ஸ்கேன் மூலம் அளந்தது. டோபமின் குறைபாடு இருவரிடமும் காணப்பட்ட விகிதம் ஒருகரு இரட்டையரில் 55 சதவீதம், இருகரு இரட்டையரில் 18 சதவீதம். இரண்டாவது ஆய்வு மிகச் சிறியது என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் அது காட்டியது பெரிய விஷயம். அறிகுறி தெரிந்தால்தான் நோய் என்று எண்ணினால் மரபின் பங்கு மறைந்துவிடுகிறது. மூளைக்குள் நடப்பதை எண்ணினால் அது வெளியே வருகிறது.

குடல் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹைக்கோ பிராக் 2003இல் முன்வைத்த கருத்துப்படி, புரதக் கட்டிகள் முதலில் மோப்ப நரம்புப் பகுதியிலும் குடலோடு இணைந்த வேகஸ் நரம்பின் மூளைமுனையிலும் தோன்றி, மெல்ல மேலேறி, பிற்பாடே சப்ஸ்டான்ஷியா நைக்ராவை அடைகின்றன. மலச்சிக்கலும் மோப்பக் குறைவும் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்குவது இதோடு பொருந்துகிறது. வயிற்றுப்புண்ணுக்காக வேகஸ் நரம்பின் தண்டையே வெட்டிக்கொண்டவர்களுக்கு நோய் ஓரளவு குறைவாக வந்ததாக டென்மார்க், சுவீடன் நாடுகளின் மருத்துவப் பதிவேடுகள் காட்டின. 2008இல் இன்னொரு வியப்பான செய்தி வந்தது: நோயாளிகளின் மூளைக்குள் 10 ஆண்டுகளுக்கும் முன்பு பொருத்தப்பட்ட இளம் கருச் செல்களிலும் லூயி பாடிகள் தோன்றியிருந்தன. உருக்குலைந்த புரதம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் பரவி, அங்குள்ள நல்ல புரதத்தையும் உருக்குலைக்கிறது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. (நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்று இதற்குப் பொருள் இல்லை, அப்படிப் பரவியதற்குச் சான்று கிடையாது.) ஆனாலும் எல்லா நோயாளிகளின் மூளையிலும் பிராக் சொன்ன வரிசை இல்லை. அதனால் சிலரிடம் நோய் உடலில் தொடங்கி மூளைக்கு ஏறுகிறது, சிலரிடம் மூளையிலேயே தொடங்குகிறது என்று டென்மார்க்கைச் சேர்ந்த போர்க்ஹாமர் குழுவினர் இரு வகையாகப் பிரிக்கிறார்கள். எனக்கு இந்தப் பிரிப்பு நம்பிக்கை தருகிறது, ஏனெனில் ஸ்கேன்களால் சோதித்துப் பார்க்கக்கூடிய கணிப்புகளை அது முன்வைக்கிறது.

காபி குடிப்பவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இந்நோய் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. அதை வைத்து யாரும் புகையைத் தொட வேண்டாம். நிகோட்டின் பட்டை ஒட்டிச் சோதித்ததில் நோயின் போக்கு குறையவில்லை.

இனி மருத்துவர் பார்த்த பரிசோதனைக்கு வருவோம். வெறுமனே கையை ஆட்டச் சொல்வது போலத் தெரிந்தாலும் அதில் ஒவ்வொரு அசைவுக்கும் வரையறை உண்டு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக விரித்து, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் பத்து முறை தட்டச் சொல்வார்கள். வேகம் மட்டும் குறைந்திருந்தால் அது முதுமையாகவோ மூட்டுவலியாகவோ இருக்கலாம். பார்க்கின்சன் நோயில் வீச்சு படிப்படியாகச் சுருங்கும்; முதல் தட்டில் அகல விரிந்த விரல்கள் போகப்போகக் குறுகி, இடையில் தயங்கி நிற்கும். பத்தாவது தட்டை நெருங்கும்போது சுருங்கினால் மதிப்பெண் 1, நடுவிலேயே சுருங்கத் தொடங்கினால் 2, முதல் தட்டுக்குப் பிறகு உடனே சுருங்கினால் 3, செய்யவே முடியாவிட்டால் 4. பிறகு மணிக்கட்டைத் தளர்வாக விடச் சொல்லி மருத்துவர் அதை அசைத்துப் பார்ப்பார். விறைப்பு தெளிவாகத் தெரியாவிட்டால், மறு கையால் வேறொரு வேலையைச் செய்யச் சொல்லும்போது அது வெளிப்படும். நடுக்கத்தைப் பார்க்கக் கைகளை மடியில் வைக்கச் சொல்லிவிட்டு மனக்கணக்குக் கொடுப்பார்கள். ஓய்வில் விநாடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கி, கையை நீட்டிய உடனே சற்று அடங்குவது இந்நோயின் நடுக்கம். அசைவு மந்தம் கட்டாயம் இருக்க வேண்டும், அதோடு ஓய்வு நடுக்கமோ விறைப்போ சேர வேண்டும் என்பது சர்வதேச இயக்கக் கோளாறு சங்கம் 2015இல் வெளியிட்ட வரையறை.

எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாதது இந்த நோய்க்கு எதிரான சான்று அல்ல. சாதாரண எம்.ஆர்.ஐ. எடுப்பது பெரும்பாலும் பக்கவாதம், கட்டி, மூளை நீர்த்தேக்கம் போன்ற மற்றக் காரணங்களை ஒதுக்குவதற்குத்தான். எம்.ஆர்.ஐ.யைவிட முக்கியமாக ஒன்றைக் கேட்க வேண்டும்: தந்தை வேறு என்ன மாத்திரைகள் சாப்பிட்டு வந்தார்? மனநோய்க்கான சில மருந்துகள், வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்குப் பல மாதங்கள் தொடர்ந்து சாப்பிடும் சின்னரிசின், ஃபுளுனரிசின் போன்றவை டோபமினின் வேலையைத் தடுத்து, பார்க்கின்சன் நோயைப் போலவே அறிகுறிகளை உண்டாக்கும். அவற்றை நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் குணமாகிவிடும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

கண்ணால் பார்த்துச் செய்யும் இந்தக் கணிப்பு எவ்வளவு சரியானது? 1992இல் லண்டனில், உயிரோடிருந்தபோது பார்க்கின்சன் நோய் என்று கணிக்கப்பட்ட 100 பேரின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்தார்கள்; 76 பேருக்குத்தான் அந்த நோய் இருந்தது. 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோதும் சரியான கணிப்பு ஏறக்குறைய 80 சதவீதமாகவே நின்றது. பல மண்டலச் சிதைவு நோய், கண்களை மேலும் கீழும் அசைக்க முடியாமல் செய்யும் பி.எஸ்.பி. போன்ற வேறு மூளை நோய்கள் தொடக்கத்தில் இதைப் போலவே தோன்றுவதுதான் காரணம். ஆண்டுகள் செல்லச் செல்ல வேறுபாடு தெளிவாகும். முதல் மூன்று ஆண்டுகளிலேயே அடிக்கடி விழுவது, லெவோடோபாவைப் போதிய அளவில் கொடுத்தும் பலன் தெரியாதிருப்பது ஆகியவை கணிப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லும் எச்சரிக்கைகள். ஐந்து பேரில் ஒருவர் தவறாகச் சேர்க்கப்பட்ட கூட்டத்தை வைத்துக் காரணம் தேடினால், கிடைக்கும் தொடர்பு மங்கலாகத்தான் இருக்கும்.

நோயை உறுதி செய்த பிறகு, அது எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளப்பது அடுத்த சிக்கல். ஹோன் (Hoehn), யார் (Yahr) என்ற இருவர் 1967இல் வகுத்த முறை ஐந்து நிலைகளை மட்டும் சொல்லும். இன்று ஆய்வுகளில் பயன்படுவது எம்.டி.எஸ்.–யு.பி.டி.ஆர்.எஸ். என்ற நான்கு பகுதி அளவுகோல். அதன் மூன்றாம் பகுதி அசைவுப் பரிசோதனை, மொத்தம் 132 மதிப்பெண்; மதிப்பெண் கூடினால் நோய் கடுமை என்று பொருள். ஒரே நோயாளி காலையில் மாத்திரைக்கு முன் 40, மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குப் பின் 22 எடுப்பது சாதாரணம். பரிசோதிப்பவர் மாறினாலும் சில மதிப்பெண் மாறும். பதற்றம், தூக்கம், புது மருந்து கிடைத்திருக்கிறது என்ற நம்பிக்கை எல்லாமே எண்ணை நகர்த்தும். நோயாளிக்கு உணரத்தக்க மாற்றம் என்று கருதப்படுவதோ வெறும் மூன்று முதல் ஐந்து மதிப்பெண். எக்ஸினடைடு என்ற நீரிழிவு மருந்தின் கதை இதற்கு எடுத்துக்காட்டு. 62 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் மருந்து எடுத்தவர்கள் 3.5 மதிப்பெண் முன்னிலையில் இருந்தார்கள். 194 பேரோடு நடந்து 2025இல் வெளியான ஆய்வில் பலனே இல்லை. நோயின் வேகத்தைத் தணிக்கும் மருந்து இன்னும் கிடைக்காததற்கு மருந்துகள் மட்டும் காரணமல்ல, அளவுகோலில் நுட்பம் போதாததும் ஒரு காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

அதனால்தான் உயிரியல் சோதனைகள் இவ்வளவு எதிர்பார்ப்பைக் கிளப்பியிருக்கின்றன. டோபமின் கடத்தியைக் காட்டும் டாட் ஸ்கேன் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. மருந்தால் வந்த நடுக்கத்திலிருந்தும் பரம்பரை நடுக்கத்திலிருந்தும் இந்நோயைப் பிரிக்க அது உதவும், ஆனால் பி.எஸ்.பி. போன்றவற்றிலிருந்து பிரிக்காது. புதியது, தண்டுவட நீரில் உருக்குலைந்த ஆல்ஃபா சைனுக்ளின் இருக்கிறதா என்று பார்க்கும் விதைப் பெருக்கச் சோதனை. நோயாளியின் நீர்த்துளியை நல்ல புரதத்தோடு கலந்து குலுக்கினால், உருக்குலைந்த விதை இருக்கும்பட்சத்தில் நல்லதும் உருக்குலைந்து கட்டியாகி ஒளிரும். 2023இல் 1,123 பேரிடம் செய்த ஆய்வில் நோயாளிகளில் 87.7 சதவீதத்தினருக்கு இது நேர்மறையாக வந்தது. மோப்பம் குன்றிய வழக்கமான நோயாளிகளில் அது 98.6 சதவீதம். எல்.ஆர்.ஆர்.கே.2 மாற்றம் கொண்டிருந்தும் மோப்பம் கெடாதவர்களில் 34.7 சதவீதம் மட்டுமே. இந்தக் கடைசி எண்ணைப் படித்தபோது நான் நெடுநேரம் அதிலேயே நின்றேன். மருத்துவரின் கண்ணுக்கு அவர்களும் பார்க்கின்சன் நோயாளிகளே. விரல் அதே போலச் சுருங்குகிறது, லெவோடோபா அதே போல வேலை செய்கிறது. ஆனால் நோயின் அடையாளம் என்று நூறாண்டுகளாக நாம் கருதிய புரதக் கட்டி அவர்களில் பலரிடம் இல்லை.

இதன் விளைவாக, அறிகுறிகளை விட்டுவிட்டுப் புரதம், டோபமின் இழப்பு, மரபணு ஆகியவற்றை வைத்தே நோயை வரையறுக்க வேண்டும் என்று 2024இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே முன்மொழிந்தன. ஆராய்ச்சிக்கு இது இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தச் சோதனை ஆம், இல்லை என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு முற்றியது, எப்போது அறிகுறி வரும் என்று சொல்வதில்லை. எந்த அறிகுறியும் இல்லாதவரிடம் அதைச் செய்து, தடுக்க மருந்தில்லாத ஒரு நோயின் பெயரைச் சொல்லி அனுப்புவது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து பொதுவாக 2 முதல் 3 மடங்கு என்று கணக்கிடுகிறார்கள். பொது மக்களில் வாழ்நாள் ஆபத்தே 2 சதவீத அளவில் இருப்பதால், மூன்று மடங்கானாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்நோய் வராது. தந்தைக்கு 50 வயதுக்கு முன்பே நோய் தொடங்கியிருந்தாலோ, குடும்பத்தில் வேறு சிலருக்கும் இருந்தாலோ மரபணு ஆலோசனை பெறலாம். அதையும் முதலில் தந்தைக்குச் செய்து பார்ப்பதே முறை. நீங்கள் கவனிக்க வேண்டிய ஒரே முன்னறிகுறி என்று சொல்வதானால், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கத்துவதும் கைகாலை வீசி அடிப்பதும். தூக்க ஆய்வில் உறுதியான 1,280 பேரைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்ததில், 12 ஆண்டுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கினருக்குப் பார்க்கின்சன் நோயோ அதைச் சார்ந்த மறதி நோயோ வந்தது. அது இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேனோ தண்டுவட நீர்ச் சோதனையோ உங்களுக்கு இப்போது தேவையில்லை. அடுத்த முறை தந்தையை அழைத்துச் செல்லும்போது, இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் பட்டியலையும், லெவோடோபா எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணிக்கு நடை இலகுவானது, எப்போது மறுபடி மந்தமானது என்ற ஒரு வாரக் குறிப்பையும், மாத்திரைக்கு முன்னும் பின்னும் அவர் விரல் தட்டுவதையும் நடப்பதையும் கைப்பேசியில் எடுத்த காணொளியையும் கொண்டு செல்லுங்கள். மருந்தால் அவருக்குத் தெளிவான முன்னேற்றம் கிடைக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும், கணிப்பு சரிதானா என்று மருத்துவர் மறுபடி எடைபோட அதைவிட நல்ல சான்று இப்போதைக்கு உங்கள் கையில் வேறில்லை.